யோம் கிப்பூர்: வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

பத்தாம் வகுப்பில் அரபு - இஸ்ரேல் மோதல் பற்றிய பாடம். 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் தொடங்கிய போரை ‘யோம் கிப்பூர் போர்’ என்றும் அழைப்பர் என்றேன். “அது ஊர்ப் பெயரா சார்?” என்றாள் ஒரு மாணவி.

ஊர் அல்ல, நாள். யூதர்களின் திஷ்ரி மாதம் பத்தாம் நாள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். தமிழில் பாவநிவிர்த்தி நாள் எனலாம். முதல்நாள் சூரியன் மறையும் முன் தொடங்கி, மறுநாள் இருட்டும்வரை ஏறக்குறைய 25 மணி நேரம் உணவில்லை, தண்ணீரும் இல்லை. குளிப்பதில்லை, தோல் செருப்பு அணிவதில்லை. பலர் வெள்ளை உடுத்தித் தொழுகைக்கூடத்திலேயே பகலைக் கழிப்பர். சிறு பிள்ளைகளுக்கு நோன்பு கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி உண்டே ஆகவேண்டும். பிற்பகலில் யோனாவின் கதை வாசிக்கப்படும். மீன் விழுங்கிய அதே யோனாதான். முடிவில் கொம்பு ஊதுவர்.

“ஒரு நாள் பட்டினி கிடந்தா செஞ்ச தப்பெல்லாம் போயிடுமா சார்?” என்றான் கடைசி வரிசை மாணவன். வகுப்பு சிரித்தது. எனக்குச் சட்டென விடை வரவில்லை. படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்.

போகாது. கடவுளுக்கு எதிரான பிழையை இந்நாள் நீக்கும். சக மனிதருக்குச் செய்த பிழையை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை நீக்காது என்கிறது மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு. அதனால்தான் நோன்புக்கு முந்தைய நாள்களில் ஒருவரையொருவர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இதை இன்னும் விரிக்கிறார். பட்ட கடனைத் திருப்பித் தந்தாலும் போதாது, மன்னிப்பும் கேட்க வேண்டும். அவர் இணங்காவிட்டால் நண்பர்கள் மூவரோடு போக வேண்டும். அப்படி மூன்று முறை. அதற்கும் இரங்காவிட்டால் குற்றம் மன்னிக்க மறுத்தவருடையது. ஆனால், பிழை தன் ஆசிரியருக்குச் செய்தது என்றால் ஆயிரம் முறையானாலும் போக வேண்டுமாம்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

“வாத்தியார் பையனுக்குத் தப்பு செஞ்சா சார்?” அதே கடைசி வரிசை.

“மாணவரும் சக மனிதர்தானே” என்றேன். குரல் இறங்கிவிட்டது. வேறொருவர் வரைந்து கொடுத்தது என்று சொல்லி, ஒரு மாணவனின் நிலப்படத்தை முந்தின வாரம் எல்லார் முன்னிலையிலும் திருப்பி எறிந்திருந்தேன். அவனே வரைந்தது என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

இடைவேளையில் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சார்” என்றான், தரையைப் பார்த்தபடி. திட்டியது வகுப்பில், மன்னிப்பு மட்டும் மரத்தடியிலா என்று பிறகுதான் உறைத்தது. அடுத்த பாடவேளையில் அந்த நிலப்படத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்க மறுபடி கேட்டேன்.