கிட்டங்கிக்கு வேலி: முதலில் வாசல், பிறகு கால்

கடைவீதியில் லாரி நிற்க இடமில்லாமல் நம் உறுப்பினர்கள் பலரும் ஊருக்கு வெளியே மனை வாங்கிக் கிட்டங்கி கட்டி வருகிறோம். மனை கைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை வேலி போடுவது. கொத்தனார் ஒரு மூலையில் தொடங்கி, பத்தடிக்கு ஒரு கல்கால் ஊன்றிக்கொண்டே போவார். கடைசியில் மிஞ்சிய இடத்தில் கேட் மாட்டுவார். நாங்களும் 2009-இல் அப்படித்தான் செய்தோம்.

எங்களுக்கு மிஞ்சியது 12 அடி. அதுவும் மின்கம்பத்தை ஒட்டிய மூலை. லாரியின் அகலம் விதிப்படி 2.6 மீட்டருக்கு மேல் போகாது, அதாவது எட்டரை அடி. பன்னிரண்டு தாராளம் என்று நினைத்தோம். நேராக நுழைகிற வண்டிக்கு அது சரி. எதிரே இருந்ததோ 20 அடிச் சாலை. லாரி திரும்பிக்கொண்டேதான் நுழைய வேண்டும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டி வரும். முதல் துவரை லோடு வந்த அன்று, டிரைவர் மூன்றாம் தடவை பின்னால் எடுத்தபோது, நின்று சைகை காட்டிய சுமைத் தொழிலாளியின் கால் வண்டிக்கும் கேட் தூணுக்கும் நடுவே சிக்கிவிட்டது. நாலு மாதம் அவர் வேலைக்கு வரவில்லை. வைத்தியச் செலவும் கூலியும் கொடுத்தோம். இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். டிரைவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலை மிச்சத்துக்கு விட்டவர்கள் நாங்கள்.

ஆகவே குழி தோண்டுமுன் வாசலை முடிவு செய்வோம். சர்வேயரை வைத்து அளந்து எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்ட பிறகு, கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் வேலிக்கோடும் கேட்டும் தரையில் போட வேண்டும். நமக்கு வழக்கமாக வரும் வண்டிகளில் நீளமானதை வெறும் வண்டியாக வரவழைத்து, இரண்டு திசையிலிருந்தும் உள்ளே விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். டிரைவருக்கு ஒரு டீச் செலவோடு முடியும் காரியம். சக்கரம் கோட்டை மிதித்தால் கோட்டை மாற்றலாம். கல்லை மாற்றுவது சுலபமில்லை. நாங்கள் இடித்துக் கட்டியபோது இப்படிப் பார்த்துத்தான் 16 அடி வைத்தோம். முன்னால் சாக்கடை இருந்தால் அதன்மேல் போடும் ஸ்லாப் கேட்டைவிட இரு பக்கமும் அகலமாக இருக்கட்டும். நெடுஞ்சாலை ஓரமானால், கேட் திறக்கும்வரை லாரி முழுவதும் சாலையை விட்டு இறங்கி நிற்கும்படி வாசலை உள்ளே தள்ளி வைப்பது நல்லது.

வாசல் நின்ற பிறகு கால் கணக்கு. 100-க்கு 150 அடி மனை என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 500 அடி. பெரிய கேட் 16, பக்கத்திலேயே ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும் சின்னக் கேட் 4, மீதி 480. பத்தடி இடைவெளியில் 48 கண்கள். கண்களைவிடக் கால் ஒன்று கூட வேண்டும் என்பதால் 49; இரண்டு கேட்டுக்கும் நடுவிலுள்ள தூணோடு 50. இதில் மூன்று வாசல் தூண், நாலு மூலைக்கால், பாக்கி 43 சாதாரணக் கால். கல் விற்பவர் 60 வேண்டும் என்பார். உடைசலுக்கு இரண்டு சேர்த்து வாங்கினால் போதும்.

ஒரு பக்கம் 147 அடியாக அமைந்தால், பதினாலு கண்ணைப் பத்தடியாக வைத்துக் கடைசியில் ஏழடிக் கண் விடாதீர்கள். பதினைந்தால் வகுத்தால் ஒவ்வொன்றும் 9 அடி 9½ அங்குலம் சொச்சம். பார்வைக்கும் சீர், கம்பியும் ஒரே விறைப்பில் நிற்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கால்களை நடுவிலிருந்து நடுவாக அளக்கிறோம். கேட்டுக்கு அந்த அளவு உதவாது. ஓரடி அகலத் தூண் இரண்டை 16 அடி நடுவுக்கு நடு வைத்தால் வண்டிக்குக் கிடைப்பது 15 அடிதான். கேட்டை மட்டும் தூணின் உள்முகத்திலிருந்து உள்முகம் அளக்கச் சொல்லுங்கள். தூண் கனம் பக்கத்துக் கண்ணில் கழியட்டும்.

எட்டடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக்கால்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கால் கட்டாயம். வேலிக்கம்பியைக் கேட் தூணில் கொண்டுபோய்க் கட்டி இழுக்காதீர்கள். இழுப்பில் தூண் சாயும், அடுத்த மழைக்குள் தாழ்ப்பாள் சேராது. தூணை ஒட்டி முட்டோடு தனிக்கால் ஊன்றி, கம்பியை அதில் முடியுங்கள். அதற்கு இரண்டு கால் கூடும். மேலே சொன்ன ஐம்பதில் அது சேரவில்லை.

கேட் உள்பக்கமே திறக்கட்டும். உள்ளே தரை ஏற்றமானால் கதவின் அடி இடிக்கும். கதவு மாட்டுமுன் எட்டடி வீச்சுக்கு மட்டம் பார்த்துவிட வேண்டும். தள்ளு கேட் போடுவோர், அது நகரும் 16 அடிக்கு வேலியோரம் மூட்டை அடுக்காமல் விட முடியுமா என்று யோசித்துக்கொள்ளவும். திறந்த கதவு ஆடிக் காற்றில் திரும்பி வந்து வண்டியில் அடிக்காதிருக்க, இரண்டு கதவுக்கும் தரையில் கொக்கி பதித்துவிடுங்கள்.