கோத்தா திங்கியில் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் போகும் கூட்டரசு சாலை 3-இல் கோத்தா திங்கியைத் தாண்டிவிட்டால் நல்ல சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதுதான். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து மெர்சிங்குக்கு ஏறக்குறைய 90. நடுவில் பந்தி மலையடிக் காடு, பிறகு கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை, ஜெமாலுவாங் சந்திப்பில் சில கடைகள். இரவில் காட்டு யானைகள் குறுக்கே வரும் சாலை இது. பசியோடும் அவசரத்தோடும் ஓட்டக் கூடாது. தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் பலர் மெர்சிங்கில் போய்ப் பசியாறிக்கொள்ளலாம் என்று இந்த ஊரைக் கடந்துவிடுகிறார்கள். மெர்சிங் படகு கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் புறப்படுவது. துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு டிக்கெட்டுக்கும் மூட்டை முடிச்சுக்குமே நேரம் சரியாக இருக்கும்.

வேலை நிமித்தமாக இந்தச் சாலையில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் முதலில் கற்றது, எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பது முக்கியம். கோத்தா திங்கி வட்டாரம் தோட்டங்களும் பெல்டா குடியேற்றங்களும் நிறைந்தது. வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்துவிடுவார்கள். அவர்களுக்காகத் திறக்கும் நாசி லெமாக் மேசைகளும் தோசைக் கல்லும் இருட்டிலேயே தயாராகிவிடும். காலை 7 மணிக்குச் சம்பால் புதிதாக இருக்கும், சோறு ஆவி பறக்கும். 10 மணிக்குப் போனால் அடிச்சட்டிதான். மதியத்துக்கு 11.30 ஆனதும் கலந்த சோற்றுக் கடையில் தட்டுகளை அடுக்குவார்கள். அப்போதே போய்விடுங்கள். 2 மணிக்கு அதே மீன், அதே கோழி, ஆனால் எல்லாம் ஆறிக் கிடக்கும். எவ்வளவு பேர் பெற்ற கடையாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

லாரிகள் நிற்கும் இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. லாரி ஓட்டுநருக்கு முதலில் வேண்டியது வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும். பள்ளி ஆசிரியர்கள், கிளினிக் தாதியர், அஞ்சல் நிலையத்தார் போல ஊருக்குள்ளேயே வேலை பார்ப்பவர்கள் நடந்து போய்ச் சாப்பிடும் கடையைப் பாருங்கள். தினமும் வருகிறவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. யாராவது ஒருவர் பத்துப் பொட்டலம் கட்டச் சொல்லிக் காத்திருந்தால் இன்னும் நல்லது, ஓர் அலுவலகமே அந்தக் கடைக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் விசாரிப்பதாக இருந்தால் நல்ல கடை எது என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று பெரிய கடையைத்தான் காட்டுவார்கள். “இன்றைக்கு நீங்கள் எங்கே பசியாறினீர்கள்?” என்று கேளுங்கள், சரியான பதில் வரும்.

கைப்பேசி வரைபடத்தில் கடை திறக்கும் நேரத்தைப் பார்த்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜொகூரில் 2014 தொடங்கி 2024 முடியும்வரை வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் அது மீண்டும் சனி, ஞாயிறாக மாறிவிட்டது. பழைய குறிப்புகளில் உள்ள விடுமுறை நாளை நம்பி வந்தால் பூட்டிய கடையைப் பார்க்க நேரலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மலாய், மாமாக் கடைகள் அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சீனர் கடையும் நம்மவர் கடையும்தான். ஆனால் அந்த மாதத்தில் பிற்பகல் 4 மணி வாக்கில் வந்தால் ரமலான் சந்தை இருக்கிறது. மற்ற நாள்களில் தேடினாலும் கிடைக்காத வீட்டுப் பலகாரங்கள் அங்கே வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மலாய்க் கடையில் கங்கோங் கீரை பிரட்டலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்ந்திருக்கும். நாசி லெமாக் சம்பாலில் நெத்திலி. “சாயோர்” என்று கேட்டு வாங்கும் காய்கறிக் குழம்பில்கூடக் காய்ந்த இறால் மிதக்கும். கடைக்காரர் மறைப்பதாக நினைக்க வேண்டாம், அவர்கள் சமையலில் அது உப்பு மாதிரி. “மக்சிக், இதில் இறாலோ நெத்திலியோ போட்டீர்களா?” என்று மரியாதையாகக் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ரெண்டாங் கோழியா மாடா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம். மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குப் பருப்பு கேட்டாலும், பழக்கத்தில் மேலே ஒரு கரண்டி மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். அங்கே தமிழ் பேசுகிறவர் இருந்தால், “அண்ணே, பருப்பு மட்டும் ஊத்துங்க, வேற குழம்பு வேணாம்” என்றால் போதும். சீனர் சைவக் கடை இன்னும் பாதுகாப்பு. வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காமல் சமைக்கும் கடைகள் உண்டு. சீன மாதத்தின் முதல் நாளிலும் 15-ஆம் நாளிலும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, வழக்கமாக அசைவம் விற்கும் சிலரும் சைவம் போடுவார்கள். அமாவாசை விரதக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

அசைவக்காரர்கள் இங்கே அசாம் பெடாஸை விடக் கூடாது. புளியும் மிளகாயும் கெசும் இலையும் சேர்ந்த மீன் குழம்பு. புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். ஜொகூர் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது. ஆற்று இறால் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் விலையைக் கேட்டுவிட்டு. டெசாரு, சுங்கை ரெங்கிட் பக்கம் கடலுணவுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். சிங்கி இறாலும் நண்டும் எடைக் கணக்கில் விற்பவை. கரையோரக் கடை ஒன்றில் விலைப்பட்டியலில் எண்ணே இல்லாமல் ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு வந்த பில்லைப் பார்த்து எங்கள் குடும்பமே வாயடைத்துப்போனது. 100 கிராமுக்கு இவ்வளவா, கிலோவுக்கா என்று கேளுங்கள், உயிரோடு இருக்கும்போதே எடை போடச் சொல்லுங்கள். விலையைக் காட்டி வைப்பது கடைக்காரரின் கடமை, ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சுத்தத்துக்கு ஊராட்சி மன்றம் கொடுக்கும் ஏ, பி, சி தரச் சான்று சுவரில் இருக்கும். அதோடு பாத்திரம் கழுவும் இடத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைப்படி உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை இருப்பதால் குழந்தைகளோடு திறந்தவெளி மேசையிலும் தாராளமாக உட்காரலாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை கதை வேறு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது, அதன் பிறகும் வெள்ளம் வந்திருக்கிறது. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் சாலை நிலவரம் கேட்டுக்கொண்டு, ஒரு வேளைச் சோற்றையும் குடிதண்ணீரையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை இந்த ஊரின் சின்னத் தமிழ்க் கடைகள். நாம் ஹெங், ரெம், பாசாக் என்று தமிழ்ப் பள்ளி நடந்த தோட்டங்கள் இந்த வட்டாரத்தில் இருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் படித்து வெளியேற, தோட்டத்துக் கைப்பக்குவம் மெல்ல நகரத்துக்கு வந்தது. தோசை, இடியப்பம், நெத்திலிச் சம்பல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் வீட்டு ருசியில் கிடைக்கும். பெயர்ப்பலகையே இல்லாமல் ஒரு மேசை போட்டு விற்கும் அம்மாக்களும் உண்டு. மாவு முந்தின நாள் அவர்கள் கையாலேயே ஆட்டியது. இப்படிப்பட்ட மேசை ஒன்றைக் கண்டால் தயவுசெய்து வண்டியை ஓரம் கட்டுங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள், ருசியாக இருந்தால் “நல்லா இருந்துச்சும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கையில் 1 வெள்ளி, 5 வெள்ளித் தாள்கள் இருக்கட்டும். காலை 7 மணிக்கு 50 வெள்ளியை நீட்டினால் அந்த அம்மாவிடம் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது.