கரியும் கலையும்

மக்கள் கூடி வாழ்வதற்குத் தொழில் வேண்டும். தொழில் வளர்ந்தால் ஊர் வளரும். ஊர் வளர்ந்தால் கல்வியும் கலையும் அங்குக் குடிபுகும். இஃது உலகத்து இயற்கை. ஆயின், ஓர் ஊரைப் பல தலைமுறையாகத் தாங்கிவந்த தொழில் ஒருநாள் மாண்டுபோகுமாயின், அவ்வூரின் நிலை யாதாகும்? கொழுகொம்பு சாய்ந்தால் கொடியும் சாய்வதுபோல, ஊரும் சாய்ந்தொழிய வேண்டுவதுதானோ? அன்றி, தொழில் வளர்த்த கலை, தொழில் மறைந்தபின் ஊரைத் தாங்கி நிற்பதும் உண்டோ? இவ்வினாவிற்குத் தன் வரலாற்றையே விடையாகத் தரும் நிலப்பகுதி ஒன்று ஜெர்மனி நாட்டின் மேற்கே உள்ளது. அதன் பெயர் ரூர் வட்டாரம்.

கரியால் வளர்ந்த ஊர்கள்

ரைன் என்னும் பேராற்றில் வந்து கலக்கும் ஆறுகளுள் ரூர், எம்ஷர், லிப்பே என்பன மூன்று. இவற்றை அடுத்து எஸ்ஸன், டோர்ட்மண்டு, டூயிஸ்பர்க், போஹும் முதலாய 53 ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. ஓர் ஊர் முடியும் இடமும் மற்றோர் ஊர் தொடங்கும் இடமும் வழிச்செல்வார்க்குப் புலனாதல் அரிது. இங்கு வாழும் மக்கள் ஏறத்தாழ 50 இலட்சம்.

இந்நிலத்தின் அடியில் கரி பாளம் பாளமாகப் படிந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு ஆழ்ந்த சுரங்கங்கள் தோண்டப்பட்டன. கரி கிடைத்த இடத்தில் இரும்பாலைகள் எழுந்தன. உழவர் வாழ்ந்த சிற்றூர்கள் பெருநகரங்கள் ஆயின. வேலை நாடிப் போலந்து மொழி பேசுவோர் திரளாக வந்தனர். 1961-இல் ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டின்பின் துருக்கியரும் வந்து குடியேறினர்.

சுரங்கத் தொழில் எளிய தொழிலன்று. மேற்கூரை சரிந்தால் உயிர் போம். வாயு தீப்பற்றினால் உடல் கரியும். பகலவன் ஒளி புகாத அவ்விருளில், பக்கத்தில் நிற்பவன் எம்மொழியினன், எந்நாட்டினன் என்று ஆராய்ந்து நிற்பதற்கு நேரம் ஏது? ஆபத்து வந்தால் அவன் கைகொடுப்பானா என்பதே அங்கு எழும் வினா. சுரங்கத் தொழிலாளர் ஒருவரையொருவர் காணும்பொழுது ‘குளூக் அவுஃப்’ என்று வாழ்த்துதல் மரபு. நற்பேறு வாய்க்க என்பது அதன் கருத்து. இவ்வாறு இருளிலே பிறந்த தோழமையே அவ்வூர்களின் முதற்பெருஞ் செல்வம் ஆயிற்று. கரி அதற்கு அடுத்த செல்வமே எனலாம்.

கரிக்கு ஈடாகக் கலை

இத்தோழமை ஊரின் எல்லையைக் கடந்து சென்ற வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றது. ஜெர்மனியின் நகரங்கள் பல இடிந்து கிடந்தன. உணவு அரிதாயிற்று, உடை அரிதாயிற்று. 1946-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலமோ மிகக் கொடியதாய் இருந்தது. வடதிசையில் உள்ள ஹாம்பர்க் துறைமுக நகரில் நாடக அரங்குகளைச் சூடாக்கக் கரி இல்லை. கரி இன்றேல் அரங்குகளை அடைத்தல் வேண்டும். அடைத்தால் கலைஞரும் தொழிலாளரும் பிழைப்பை இழப்பர். துயருற்ற மக்கள் தமக்கிருந்த ஆறுதலையும் இழப்பர்.

செய்வது அறியாது நின்ற அரங்கத்தார், இரண்டு லாரிகளில் ஏறித் தென்மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டனர். ரெக்லிங்ஹவுசன் என்னும் ரூர் நகரை அடைந்ததும், லுட்விக் மன்னன் பெயர் தாங்கிய சுரங்கம் ஒன்று அவர்கள் கண்ணிற் பட்டது. அங்கிருந்த தொழிலாளரிடம் தம் குறையை எடுத்துரைத்தனர். அந்நாளில் கரி முழுவதும் போரில் வென்ற நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. உரிய ஆணையின்றிக் கரியை வெளியே கொடுத்தல் குற்றம். அதனை அறிந்தும் அத்தொழிலாளர் லாரிகளை நிரப்பி அனுப்பினர். லாரிகள் மீண்டும் வந்தன. மீண்டும் நிரம்பிச் சென்றன. ஹாம்பர்க் நகரின் அரங்குகளில் விளக்கு அணையவில்லை.

சட்டத்தின் நோக்கில் அச்செயல் தவறே. அதனால் நேரக்கூடிய தண்டனையையும் அத்தொழிலாளர் அறியாதாரல்லர். ஆயினும், முன்பின் அறியாத ஊரார் ஒருவரின் அரங்கு அடைபடாமல் இருத்தல் வேண்டும் என்று அவர்கள் எண்ணிய எண்ணம் சிறியதன்று. நாடகம் செல்வர்க்கே உரியது, தமக்கு அதில் பங்கில்லை என்று அவர்கள் கருதியிருப்பின் லாரிகள் வெறுமையாகவே திரும்பியிருக்கும்.

செய்ந்நன்றியை ஹாம்பர்க் கலைஞர் மறந்தாரல்லர். 1947-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் அவருள் 150 பேர் ரெக்லிங்ஹவுசன் நகருக்கு வந்து, தொழிலாளர் முன்னிலையில் நாடகங்களையும் இசை நாடகங்களையும் நடித்துக் காட்டினர். கரி கொடுத்தார்க்குக் கலை கொடுத்தனர். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற பண்டமாற்று நம் முன்னோர் அறிந்ததே. கரியைக் கொடுத்துக் கலையைப் பெற்ற இம்மாற்று அதனினும் புதுமை உடையது. உப்பும் நெல்லும் உண்ணத் தீரும். இருநகரார் உள்ளத்தில் தோன்றிய உறவோ தீரவில்லை. ரெக்லிங்ஹவுசன் நகராட்சியும் தொழிற்சங்கங்களும் இணைந்து அதனை ஒரு விழாவாக நிலைபெறச் செய்தன. 1965-இல் அவ்விழாவிற்கென்றே தனி மாளிகை திறக்கப்பட்டது. ரூர் விழா என்னும் பெயரால் அஃது இன்றளவும் நடைபெற்று வருகிறது.

தொழில் மறைந்தது

1957-ஆம் ஆண்டளவில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் வேலை செய்தனர். மறு ஆண்டே சரிவு தொடங்கியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. வெளிநாட்டுக் கரியும் மலிவாக வந்து இறங்கியது. ஆழத்திலிருந்து அரிதின் எடுத்த ரூர்க் கரியை வாங்குவார் குறைந்தனர். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இரும்பாலைகளும் அவ்வழியே சென்றன.

எஸ்ஸன் நகரில் சோல்ஃபெரைன் என்னும் பெருஞ்சுரங்கம் இருந்தது. அதன் பன்னிரண்டாம் துறை 1932-இல் தொழிற்படத் தொடங்கியது. கரியை மேலேற்றும் அதன் இரும்புக் கோபுரம் 55 மீட்டர் உயரம் உடையது. உலகத்துச் சுரங்கங்களுள் அழகிற் சிறந்தது என்று புகழப்பெற்ற அச்சுரங்கமும் 1986-இல் மூடப்பட்டது. புகை நின்றது, ஆனால் புகையோடு பிழைப்பும் நின்றது. தந்தையும் பாட்டனும் இறங்கிய சுரங்கத்தில் மகனுக்கு இடமில்லை. பாழடைந்த ஊதுலைகளும் துருவேறிய கோபுரங்களும் ஊர் நடுவே நின்றன. அவற்றை இடித்தெறிந்து பழங்கதையை மறத்தலே நன்று என்றனர் பலர்.

பழமைக்குப் புதுவாழ்வு

ஆனால், வேறு வகையாக எண்ணியவரும் இருந்தனர். அக்கோபுரங்கள் வெறும் இரும்பல்ல. மூன்று நான்கு தலைமுறையினரின் உழைப்புக்கு அவையே சான்று. சான்றை அழித்தால் அம்மக்களின் பெருமையையும் அழித்ததாகும். ஆதலின், 1989 முதல் 1999 வரை பத்தாண்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. எம்ஷர் ஆற்றை அடுத்த 17 நகரங்கள் அதில் ஒன்றுபட்டு உழைத்தன. அதுகாறும் தொழிலுக்காகவும் வரிக்காகவும் தம்முள் போட்டியிட்ட நகரங்கள் அவை என்பது கருதத்தக்கது.

அத்திட்டத்தாலும் அதன்பின் தொடர்ந்த முயற்சிகளாலும் விளைந்த மாறுதல்கள் பல. டூயிஸ்பர்க் நகரில் 1985-இல் மூடப்பட்ட இரும்பாலை, 1994-இல் மக்கள் உலவும் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஊதுலைகள் இடிக்கப்படவில்லை, அவற்றின் மீதேறி மக்கள் ஊரைக் காண்கின்றனர். அங்கிருந்த வாயுக் கொள்கலத்தில் நீரை நிரப்பி, நீரில் மூழ்கிப் பழகும் இடமாக ஆக்கினர். ஓபர்ஹவுசன் நகரில் 117 மீட்டர் உயரமுள்ள மற்றொரு வாயுக் கொள்கலம் கண்காட்சிக் கூடமாயிற்று. 1999-இல் கிறிஸ்டோ, ஜான்-கிளோட் என்னும் கலைஞர் இணையர் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி அதனுள் வண்ணச் சுவர் ஒன்றை எழுப்பினர். போஹும் நகரின் பழைய ஆலைக்கூடத்தில் இசையும் கூத்தும் முழங்கின. சோல்ஃபெரைன் சுரங்கம் 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கரியைக் கழுவிய அதன் கூடத்திலே இன்று அருங்காட்சியகம் விளங்குகிறது.

ஐம்பத்துமூன்று ஊர்களின் ஒருமை

ஐரோப்பிய நகரங்கள் தம் கலையால் ஒன்றையொன்று அறிதல் வேண்டும் என்று விரும்பியவர் கிரேக்க நாட்டின் பண்பாட்டு அமைச்சராய் இருந்த மெலினா மெர்கூரி அம்மையார். அவர் முயற்சியால் ஆண்டுதோறும் ஒரு நகரைப் பண்பாட்டுத் திருநகராகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. 1985-இல் ஏதென்ஸ் முதல் நகராயிற்று. பிற்காலத்தில் ஓராண்டிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்களும் அச்சிறப்பைப் பெற்றன.

2010-ஆம் ஆண்டிற்குரிய அச்சிறப்பு எஸ்ஸன் நகருக்குக் கிடைத்தது. எஸ்ஸன் நகரம் அதனைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. 53 ஊர்களின் பெயராலும் ஏற்றது. அவ்வாண்டில் உடன் சிறப்புப் பெற்றவை ஹங்கேரி நாட்டுப் பேச் நகரும் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரும் ஆகும். துருக்கியிலிருந்து வந்து ரூர்ச் சுரங்கங்களில் உழைத்தாரின் மக்களுக்கும் பேரர்களுக்கும் தாம் பிறந்த ஊரும் தம் முன்னோர் நாட்டு நகரும் ஒரே ஆண்டில் ஒரே சிறப்பைப் பெற்றமை எத்துணை உவகை அளித்திருக்கும்!

அவ்வாண்டு வைகாசித் திங்களில், முன்பு சுரங்கவாய் இருந்த இடங்கள்தோறும் மஞ்சள் நிறப் பலூன்கள் வானில் உயர்த்தப்பட்டன. அவை 300-க்கு மேற்பட்டவை. மண்ணுள் மறைந்த உழைப்பு விண்ணில் தெரிந்தது. சூலை 18-ஆம் நாள், டோர்ட்மண்டு முதல் டூயிஸ்பர்க் வரை 60 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி, 20,000 மேசைகளை இட்டனர். குடும்பத்தாரும் பாடற்குழுவினரும் பள்ளி மாணவரும் தத்தம் உணவையும் கலையையும் கொண்டுவந்து அமர்ந்தனர். மற்றொரு பக்கச் சாலையில் மிதிவண்டிகள் சென்றன. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் அன்று கூடினர் என்பர்.

இவற்றினும் சிறந்த செயல் ஒன்று பள்ளிகளில் நிகழ்ந்தது. குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஓர் இசைக்கருவி என்னும் முயற்சி 2003-இல் போஹும் நகரில் தொடங்கியது. 2010-ஆம் ஆண்டு விழாவை முன்னிட்டு, 2007 முதல் அது வட்டாரம் முழுவதும் பரவியது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பலவகைக் கருவிகளை அறிந்து, விரும்பியதைக் கற்றனர். கருவி வாங்க இயலாத வீட்டுக் குழந்தைக்கும் கருவி இரவலாகக் கிடைத்தது. வயலினோடு துருக்கி நாட்டு நரம்புக் கருவியும் அவற்றுள் இடம்பெற்றது. விழா ஓராண்டில் முடியும்; விரல்களில் பழகிய இசை முடியுமோ?

விழாவும் விழிப்பும்

ஆயினும், ஒளிக்குப் பக்கத்தில் நிழலும் உண்டு. அதே 2010-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள், டூயிஸ்பர்க் நகரில் இளைஞர் இசைவிழா ஒன்று நடந்தது. பழைய சரக்கு இரயில் நிலையப் பரப்பிற்குச் செல்லும் சுரங்கப் பாதையிலும் சாய்தளத்திலும் பெருங்கூட்டம் நெருங்கிச் சிக்கியது. 21 பேர் உயிர் துறந்தனர், நூற்றுக்கணக்கானோர் புண்பட்டனர். மக்களை அழைப்பதில் காட்டும் ஆர்வத்தை மக்களைக் காப்பதில் காட்டாவிடின், விழா துயரமாக முடியும் என்பதை அந்நாள் உணர்த்தியது. சுரங்கத்தில் ஒருவர் உயிருக்கு ஒருவர் காவலாய் நின்ற மரபு விழாக்களிலும் நிலவுதல் வேண்டும் அன்றோ?

கலை வந்தவுடன் வறுமை அனைத்தும் நீங்கிவிட்டது என்றும் கூறுதல் இயலாது. கெல்சன்கிர்ஷன் முதலிய நகரங்களில் வேலையற்றோர் தொகை ஜெர்மனியின் பிற பகுதிகளினும் மிகுதியாகவே உள்ளது. கலை, தொழிலுக்கு மாற்றன்று. கலையோடு கல்வி வேண்டும். தூய நீரும் தூய காற்றும் வேண்டும். இதனை உணர்ந்தே அவ்வூரார் பிற பணிகளையும் உடன் செய்தனர். ஒரு நூற்றாண்டிற்கு மேலாகச் சாக்கடையாய் ஓடிய எம்ஷர் ஆற்றைத் தூய்மை செய்யும் பணி 1992-இல் தொடங்கி, 500 கோடி யூரோவிற்கு மேற்பட்ட செலவில் நடந்தது. 2021-ஆம் ஆண்டின் இறுதி முதல் அவ்வாற்றில் கழிவுநீர் கலப்பதில்லை.

2018-ஆம் ஆண்டு திசம்பர் 21-ஆம் நாள், போட்ராப் நகரில் எஞ்சியிருந்த சுரங்கமும் மூடப்பட்டது. இறுதியாக வெட்டியெடுத்த கரித்துண்டு ஒன்றைத் தொழிலாளர் தம் நாட்டுக் குடியரசுத் தலைவர் கையில் அளித்தனர். அத்துண்டோடு ஜெர்மனியின் ஆழ்நிலக்கரிச் சுரங்க வரலாறு முற்றுப்பெற்றது. ரூர் வட்டாரத்தின் வரலாறோ முற்றுப்பெறவில்லை.

நிலத்தடியில் உள்ள பொருள் எடுக்க எடுக்கக் குறையும். மக்களின் கலையும் தோழமையுமோ கொடுக்கக் கொடுக்க வளரும். குறையும் செல்வத்தை மட்டும் நம்பிய ஊர் அச்செல்வத்தோடு தேயும். வளரும் செல்வத்தை அண்டை ஊரோடும் அயல்நாட்டோடும் பகிர்ந்து வாழும் ஊர், தளர்ந்தாலும் மீண்டும் தளிர்க்கும். குளிரால் நடுங்கிய ஓர் ஊருக்குக் கரி கொடுத்த கைகள், தாம் அறியாமலே தம் ஊரின் எதிர்காலத்திற்கும் வித்திட்டன.