பிள்ளை கூட்டத்தோடு வருகிறானா? – கைத்தொலைபேசியும் நம் இளையோரும்

வாசிக்க: லூக்கா 2: 41–52



பாஸ்காத் திருவிழா முடிந்து எருசலேமிலிருந்து ஊர் திரும்பிய சூசையப்பரும் மரியன்னையும், ஒரு நாள் முழுவதும் நடந்த பின்னரே தங்கள் பன்னிரண்டு வயது மகன் உடன் இல்லை என்பதை அறிகின்றார்கள். அவர்கள் கவலையற்ற பெற்றோர் அல்லர். உற்றாரும் ஊராரும் சேர்ந்து வந்த பெரிய கூட்டம் அது. பிள்ளை அதற்குள் எங்கோ வருகிறான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலேயே ஒரு பகல் கழிந்துவிட்டது.

நமது லயக் காம்பராவில் தூரமும் இல்லை, கூட்டமும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கையை நீட்டினால் பிள்ளையைத் தொடலாம். ஆனால் காதில் வயரை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை உண்மையில் எங்கே இருக்கிறான், யாருடன் பேசிக்கொண்டிருக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. “வீட்டுக்குள்ளதானே இருக்கான்” என்று நாமும் ஆறுதலடைகிறோம். இந்த வாரம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

போன் வந்த வழி

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். இந்தக் கருவியைப் பிள்ளைகள் களவாகக் கொண்டுவரவில்லை. நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். போன் இல்லாத பிள்ளைக்குப் பாடம் இல்லை என்றாயிற்று. நகையை அடகு வைத்தும், கடன்பட்டும் வாங்கினோம். வாங்கிய பிறகும் நம் மலைகளில் சிக்னல் இல்லை. 2021-ல் லுணுகலைப் பகுதியில், மலையுச்சிக் காட்டில் மரத்தின்மேல் கட்டிய பரணுக்குப் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் ஏறிச்சென்று படித்ததை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் எழுதின. ஆகவே, நம் வீடுகளுக்குள் போன் வந்தது பாடப்புத்தகமாகத்தான்.

இன்னொரு வழியும் உண்டு. மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்யும் நம் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களின் முகத்தைப் பிள்ளைகள் காண்பது அந்தச் சின்னக் கண்ணாடியில்தான்.

இவ்விரண்டையும் மறந்துவிட்டு, “போனைப் பிடுங்கிவிடுங்கள், எல்லாம் சரியாகும்” என்று அறிவுரை சொல்வது எளிது. நானும் ஒரு காலத்தில் மறைக்கல்வி வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதைக் கூறுகிறேன்.

ஒரு வீட்டில் நடந்தது

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பத்தாம் தரத்தில் படிக்கும் சிறுமி. தாய் குவைத்தில், தகப்பன் தோட்டத்தில் கவ்வாத்து வேலை, வளர்ப்பது அம்மாயி. தாய் அனுப்பிய காசில் வாங்கிய போனில், முகநூல் வழியாக ஒருவன் அறிமுகமானான். தன் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சினிமா நடிகரின் படத்தைப் போட்டிருந்தான். வயது பத்தொன்பது, கொழும்பில் கடையொன்றில் வேலை என்றான். நான்கு மாதம் நல்ல பேச்சு. “சாப்பிட்டியான்னு தெனமும் கேட்டது அவன் மட்டுந்தான் டீச்சர்” என்று அந்தப் பிள்ளை பின்னர் என்னிடம் சொன்னாள். (பெற்றோர் இந்த வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன்.)

பிறகு ஒரு படம் கேட்டான், அனுப்பினாள். அடுத்து வேறு விதமான படம் கேட்டான், மறுத்தாள். உடனே, முதல் படத்தில் இருந்த முகத்தை வேறோர் உடலோடு பொருத்தி அவளுக்கே அனுப்பி, இதைத் தோட்டம் முழுவதற்கும் அனுப்புவேன் என்று மிரட்டினான். பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்தினாள். ஞாயிறு வகுப்புக்கும் வரவில்லை. வயிற்றுவலி என்றாள், அம்மாயி கசாயம் காய்ச்சிக் கொடுத்தார்.

விஷயம் தகப்பனின் காதுக்கு எட்டியபோது அவர் பிள்ளையை அடித்தார். போனைப் பீலிக்கரைக் கல்லில் ஓங்கி அடித்து உடைத்தார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். வெட்கமும் பாசமும் ஒன்றாகக் கலந்து ஒரு மனிதனைத் தாக்கும்போது கை அப்படித்தான் போகும். ஆனால் அந்தக் கல்லில் இரண்டு காரியங்கள் உடைந்தன. மிரட்டியவனின் பேச்சுகளெல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன. அருட்சகோதரி ஒருவரின் துணையோடு முறைப்பாடு செய்யச் சென்றபோது காட்டுவதற்கு எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. மற்றதைப் பிள்ளையே சொன்னாள்: “அடிச்சதுகூடப் பரவாயில்ல டீச்சர். இனி அம்மா மொகத்த எப்படிப் பாக்குறது?”

ஒரு தவணை முழுவதும் வீட்டிலிருந்த பிறகே அவள் மீண்டும் பாடசாலைக்குப் போனாள்.

யாருடைய தராசு?

முகநூலுக்கோ டிக்டொக்குக்கோ நாம் காசு கொடுப்பதில்லை. அப்படியானால் அந்தக் கம்பெனிகள் எப்படி உலகப் பணக்காரக் கம்பெனிகள் ஆயின? அவற்றின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது. நம் பிள்ளை திரையைப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் கொழுந்து. மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூடையைத் தராசில் தொங்கவிடுவதுபோல அந்த நிமிடங்கள் நிறுக்கப்பட்டு விற்கப்படுகின்றன. ஒரே வேற்றுமை, கொழுந்து பறிப்பவருக்குக் கூலி உண்டு.

இதனால்தான் அங்கே எதற்கும் முடிவு இல்லாதபடி அமைத்திருக்கிறார்கள். சினிமாப் படத்துக்குச் ‘சுபம்’ உண்டு. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரையை விரலால் தள்ளத் தள்ள அடுத்த வீடியோ வந்துகொண்டே இருக்கும். ஆகவே, “உனக்கு மனவுறுதி இல்லை” என்று பிள்ளையை ஏசுவதில் பாதிதான் நியாயம். அவன் எழுந்து போகாதிருக்க வழி கண்டுபிடிப்பதற்கென்றே கற்றுத் தேர்ந்த பல்லாயிரம் பேர் சம்பளம் வாங்குகிறார்கள். இதைப் பிள்ளைக்கு விளக்கிப் பாருங்கள். அடி உதைக்கு மசியாத பதினைந்து வயதுப் பையன், தன்னை யாரோ பறித்து விற்கிறார்கள் என்று அறிந்தால் ரோஷப்படுவான். அந்த ரோஷம் நல்லது.

திருச்சபை இதை நேற்று இன்று சிந்திக்கவில்லை. 1963 டிசம்பர் 4-ம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆவணத்தின் 10-ம் எண், இளையோர் இச்சாதனங்களைப் பயன்படுத்துவதில் அளவையும் தன்னடக்கத்தையும் பழகவேண்டும் என்கிறது; பெற்றோருக்குக் காவற்கடமை உண்டு என்றும் கூறுகிறது. பழகுவது பிள்ளையின் வேலை, காப்பது பெற்றோரின் வேலை. நாம் காவலை மட்டும் எடுத்துக்கொண்டு பழக்கத்தை விட்டுவிட்டோம். 2025 செப்டம்பர் 7-ம் திகதி புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குத்திஸ், கணினியில் மிகுந்த தேர்ச்சி பெற்று, நற்கருணைப் புதுமைகளை உலகறியச் செய்ய அதையே பயன்படுத்தியவர். வீடியோ விளையாட்டில் அவருக்கும் ஆசை இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வைத்துக்கொண்டாராம். பதினைந்து வயதில் இறந்த ஒரு பையன்! எல்லையை அவரே வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

எல்லையை யார் போடுவது?

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் எல்லோரும் உட்காருங்கள். முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: “இரவு எத்தனை மணிக்கு மேல் போன் வேண்டாம் என்று நீ நினைக்கிறாய்?” நீங்கள் பயந்த அளவுக்கு மோசமான பதில் வராது. தானே சொன்ன நேரத்தைக் காப்பாற்றுவதில் பிள்ளைக்கு ஒரு கெளரவம் உண்டு. பேரம் பேசலாம், அரை மணி விட்டுக்கொடுக்கலாம். முடிவானதை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாள் உங்களுக்கும் உரியது. இரவு பத்து மணிக்குச் சத்தமாக வீடியோ பார்த்துச் சிரிக்கும் அப்பா, பிள்ளையைப் பார்த்துப் ‘போனை வை’ என்றால் எந்த வீட்டிலும் எடுபடாது.

“படுக்கையறைக்குள் போன் கூடாது” என்று நகரத்தார் சொல்லும் அறிவுரை நமக்கு உதவாது. நமக்குப் படுக்கையறையே தனியாக இல்லையே! வேறு வழி செய்யலாம். திருஇருதய ஆண்டவர் படம் வைத்திருக்கும் தட்டைப் போனின் இடமாக்குங்கள். குறித்த நேரத்தில் முதலில் அப்பாவின் போன் அங்கே போகட்டும், பிறகு மற்றவை. குடும்ப ஜெபத்துக்குச் சற்று முன்னர் வைத்துவிட்டால் இன்னும் இலகு. சில டேட்டா பொதிகளில் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. காசை மிச்சம் பிடிக்கும் பிள்ளை அதற்காகவே விழித்திருக்கும். ரீலோட் போடும்போது என்ன பொதி என்று கேட்டு வாங்குங்கள். விடியற்காலை எழுந்து மலைக்குப் போகும் தாயைப் போலவே, பஸ்ஸுக்கு மைல்கணக்கில் நடக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும்.

ஆட்களைப் பற்றிய எல்லை நேரத்தைவிட முக்கியமானது. நேரில் கண்டு பேசியிராதவரை நட்பில் சேர்ப்பதில்லை. அம்மாயிக்குக் காட்ட முடியாத படத்தை எடுப்பதே இல்லை. இவ்விரண்டும் போதும், நினைவில் நிற்கும். ஆனால், படம் கேட்பவனிடம் “முடியாது” என்று சொல்லும் தைரியம் பதினான்கு வயதில் எளிதாக வராது; தோழிமார் கேட்டாலும் அப்படியே. அதற்கு ஓர் உபாயம் உண்டு. பழியை உங்கள் மேல் போட அனுமதி கொடுங்கள். “எங்க வீட்ல போனைப் பாப்பாங்க, அப்பா கொன்னுடுவாரு” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் அவ்வளவு கொடியவர் அல்லர் என்பது உங்களுக்கும் பிள்ளைக்கும் தெரிந்தால் போதும்.

கணக்கில் கொடுத்த பிறந்த ஆண்டையும் கேளுங்கள். பதின்மூன்று வயது ஆகாதவருக்கு முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் எதிலும் கணக்கு இல்லை என்பது அந்தக் கம்பெனிகளின் விதி. நம் பிள்ளைகள் பலர் ஆண்டை மாற்றிப் போட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். இதில் ஒரு கெடுதி உண்டு. இன்ஸ்டகிராம் 2024 செப்டம்பரில் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் கணக்குகளை அந்நியர் பார்க்க முடியாதபடி தானாகவே பூட்டிவைக்கத் தொடங்கியது. பொய் ஆண்டு போட்ட பிள்ளையை அது பெரியவராகக் கருதும். அந்தப் பூட்டு அவனுக்கு இராது. ஆண்டைத் திருத்துங்கள். வட்ஸ்அப்பில் முகப்புப் படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றலாம். பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடையோடு படம் போட்டால், பிள்ளையைத் தேடி வருபவனுக்கு நாமே முகவரி கொடுத்ததாகும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில், ரயில் வரும் பாதையில் நின்று வீடியோ எடுப்பதைப் பற்றி நான் எழுதவும் வேண்டுமா?

பிள்ளை உறங்கியபின் போனைத் திறந்து எல்லாவற்றையும் வாசிக்கலாமா என்று ஒரு தாய் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து பார்க்கலாம். பிள்ளைக்குத் தெரிந்தே பார்க்கலாம். பதினாறு வயதுப் பிள்ளையின் போனைக் களவாக வாசித்தால், அடுத்த நாளே புதிய கடவுச்சொல் வரும். அத்தோடு உங்களிடம் பேசுவதும் நின்றுவிடும். ஆபத்து என்று உண்மையான ஐயம் எழுந்தால் அது வேறு கதை. அப்போதும், “எனக்குப் பயமாக இருக்கிறது, இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். ஆலயத்தில் மகனைக் கண்ட மரியன்னை அப்படித்தான் செய்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தாங்கள் பட்ட வேதனையையும் மறைக்காமல் சொன்னார். மகன் கூறிய பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்றும் நற்செய்தி சொல்கிறது. விளங்காத போதும் அவனோடு சேர்ந்தே நாசரேத்துக்கு நடந்தார்கள்.

நடந்துவிட்டால்

பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால், முதல் வார்த்தை “நீ சொன்னது நல்லது” என்பதாக இருக்கட்டும். போனை உடைக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மிரட்டியவனின் பெயர், இலக்கம், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அப்படியே படமெடுத்து வையுங்கள். ஆபாசப் படம் இருந்தால் அதைத் தனியாகப் பிரதி எடுக்கவோ எவருக்கும் அனுப்பவோ வேண்டாம். அது உள்ள போனை அப்படியே ஒப்படையுங்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். பிறகு அவனைத் தடைசெய்யுங்கள்.

நம் நாட்டில் பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும், வைத்திருப்பதும், பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். குற்றவாளி அவன், உங்கள் பிள்ளை அல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். தனியாகப் போகத் தயங்கினால் பங்குத்தந்தையையோ, அருட்சகோதரியையோ, மறையாசிரியரையோ துணைக்கு அழையுங்கள்.

அன்பியக் கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் வீட்டில் இரவு கடைசியாகப் போனை வைப்பவர் யார்?

2. பிள்ளைக்கு ஒரு தவறு நேர்ந்தால், யாரிடம் முதலில் சொல்வாய் என்று பிள்ளையிடமே கேட்டிருக்கிறோமா? என்ன பதில் வந்தது?

3. நம் அன்பியத்தில் தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் எத்தனை? அந்தப் பிள்ளைகளிடம் “சாப்பிட்டியா?” என்று இந்த வாரம் கேட்டவர் யார்?