சடங்கு முடிந்தது, பிள்ளை வளர்ந்துவிட்டதா?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் குடும்பங்களில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் வீடு விழாக்கோலம் பூணுகிறது. நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி கொடுத்து உடலைத் தேற்றுகிறோம். மாமன் மாமியர் பாலறுகு வைக்க நீராட்டி, ஆலத்தி எடுக்கிறோம். உறவினர் கூடி மகிழ்வதில் பிழையில்லை. ஆனால் அந்த நாள் முழுவதும் பிள்ளையிடம் எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவள் மணமுடிக்கத் தக்கவள் என ஊருக்கு அறிவிக்கவே முன்னோர் இச்சடங்கை நடத்தினர். இன்றோ, 1995ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், பொதுத் திருமணச் சட்டம் 18 வயதைக் கேட்கிறது. சேலையுடுத்தி அமர்ந்த பிள்ளை சில நாளில் சீருடையுடன் பாடசாலைக்குப் போகிறாள். ஆண்பிள்ளைக்கோ இப்படியொரு நாளே இல்லை. அப்படியானால் நம் பிள்ளைகள் எப்போது வளர்ந்தவராகின்றனர்?

இதே கேள்விக்கு வேறுவிதமாக விடை கண்டவர்கள் ஆமிஷ் மக்கள். 1693இல் ஜேக்கப் அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்த இக்கிறிஸ்தவ சபையினர், இன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒகாயோ முதலிய மாநிலங்களில் குதிரை வண்டியும் எளிய உடையுமாக வாழ்கின்றனர். குழந்தைகளுக்கு அவர்கள் திருமுழுக்கு அளிப்பதில்லை. ஏறக்குறைய 16 வயதில் ‘றும்ஸ்பிறிங்கா’, அதாவது ‘சுற்றித் திரிதல்’ எனும் பருவம் தொடங்குகிறது. பெரும்பாலோர் ஞாயிறு மாலைகளில் ஒத்த வயதினரோடு கூடிப் பாடுகின்றனர். சிலர் நகரத்து உடையையும் மோட்டார் வாகனத்தையும் சோதித்துப் பார்க்கின்றனர். பெரும்பாலும் 18க்கும் 22க்கும் இடையில், போதனை பெற்றபின், முழங்காலிட்டு வாக்களித்துத் திருமுழுக்குப் பெறுகின்றனர். வாக்களித்து முறிப்பதிலும் வாக்களியாதிருப்பதே மேல் என்று முன்னதாகவே எச்சரித்து, விலகிக்கொள்ள வாய்ப்பும் கொடுக்கிறார்கள். இருந்தும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சபையிலேயே நிலைக்கின்றனர்.

இத்தெரிவு முற்றிலும் சுதந்திரமானது என்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. 1972இல் அமெரிக்க உயர்நீதிமன்றமும் அதை அனுமதித்தது. திருமுழுக்குப் பெற்றபின் விலகுபவரைச் சபை ஒதுக்கிவைக்கிறது. இவற்றை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கற்கலாம்: பிள்ளையின் சொந்த வாயிலிருந்து வரும் ‘ஆம்’ என்ற சொல்லுக்கு அவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாம் குழந்தைக்கே திருமுழுக்கு அளிக்கிறோம். இறைவனின் அருள் நம் தெரிவுக்கு முந்தியது என்பது திருச்சபையின் போதனை. ஆனால் பெற்றோர் அன்று சொன்ன பதிலைப் பிள்ளை ஒருநாள் தனதாக்கிக் கொள்ள வேண்டும். எனவேதான் 1971இல் புதுப்பிக்கப்பட்ட உறுதிப்பூசுதல் சடங்கில், ஆயர் கேட்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகளே பதிலளித்துத் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர். விசுவாசத்தின் முதிர்ச்சியை வயதின் வளர்ச்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு எச்சரிக்கிறது. நம்மில் எத்தனை குடும்பங்களில் உறுதிப்பூசுதல் ஒரு புகைப்படத்தோடு முடிகிறது! ஞாயிறு மறைப்பாடசாலைக்கும் அதுவே விடைபெறும் நாளாகிவிடுகிறது.

பன்னிரண்டு வயது இயேசுவை ஆலயத்தில் கண்ட அன்னை மரியாள், அவர் தந்த பதிலை முழுதும் விளங்கிக்கொள்ளவில்லை. ஆயினும் அதை அடக்கிவிடாமல் உள்ளத்தில் இருத்தினார். இயேசுவும் நாசரேத்துக்குத் திரும்பிப் பணிந்து வாழ்ந்தார். பிள்ளையின் கேள்விக்கு இடங்கொடுப்பதால் பணிவு கெட்டுவிடாது.

ஆகவே பெற்றோரே, மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் மகளோடு அமர்ந்து பேசுங்கள். மகனையும் விட்டுவிடாதீர்கள். “எதை நம்புகிறாய்? எது உனக்குக் கடினம்?” என்று கேட்டு, பதிலைக் கோபமின்றிக் கேளுங்கள். வீட்டில் ஒரு பொறுப்பையும் ஒப்படையுங்கள். கேள்வியும் பொறுப்பும் இல்லாத சடங்கு உடலின் வளர்ச்சியை அறிவிக்கும், ஆளை வளர்க்காது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பிள்ளைகள் தம் ஐயங்களை அச்சமின்றி நம்மிடம் சொல்கிறார்களா?

2. பெண்பிள்ளைக்குக் கட்டுப்பாட்டையும் ஆண்பிள்ளைக்குச் சலுகையையும் மட்டும் கொடுக்கிறோமா?

3. வரும் பாஸ்கா திருவிழிப்பில் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கையில், பெற்றோராகிய நாம் மனமாரப் பதில் சொல்வோமா?