தண்ணீர் வந்த கதையை நீயே சொல்லு



வகுப்பில் செல்பேசியில் மூன்று நிமிடப் படக்கதை ஒன்று செய்துவரச் சொன்னார்கள், எதைப் பற்றிச் செய்யலாம் என்று கேட்டிருந்தாய், தம்பி. உன் ஊர் கடைமடை; ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும் இடம். மேட்டூர் அணையில் திறந்த தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் கதையைச் செய்.

புதுக் கருவி வந்ததும் அதில் கதையை ஏற்றுவது தஞ்சாவூருக்குப் பழைய வழக்கம். 1805 வாக்கில் சரபோஜி மன்னர் இங்கே தேவநாகரி அச்சகம் அமைத்தார்; ஈசாப் கதைகள் மராத்தியில் அதில் அச்சாயின. அந்த மனசை நான் பெரிதும் மதிக்கிறேன். உன் காலத்தில், 2018 தொடங்கி வந்த பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. எல்லாம் நல்லவையே. ஆனாலும் பிறர் செய்ததைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். நாமே சொல்ல உட்காரும்போதுதான் எங்கே புரியவில்லை என்று தெரியும்.

குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் முன்கூட்டியே மே 24இல் திறந்தார்கள்; கல்லணை மே 27இல் திறக்கப்பட்டது. அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. இதுவரை செய்தித்தாளிலேயே கிடைக்கும். அதற்கப்புறம்? உங்கள் வாய்க்கால் எந்த ஆற்றில் பிரிகிறது, எத்தனை மதகு தாண்டி வருகிறது, ஏன் முறை வைத்து விடுகிறார்கள், மேலே நடவு முடிந்த பிறகும் உங்கள் பக்கம் ஏன் காய்ந்து கிடக்கிறது? இதையெல்லாம் மதகு பார்க்கும் லஸ்கரிடமும் உன் அப்பாயியிடமும்தான் கேட்க வேண்டும். கேட்டதைக் குறித்துக்கொண்டு வரைபடத்தில் வாய்க்காலைத் தேடு. புவியியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். தூரத்தை நாளால் வகுத்துப் பார்த்தால் கணக்கும் கூடவே வரும்.

செல்பேசியைக் கையில் எடுக்குமுன் எழுது. மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல் தாராளம். 1990களில் அமெரிக்காவில் ஜோ லாம்பர்ட்டும் நண்பர்களும் இப்படிப் படக்கதை சொல்லும் முறையைப் பட்டறைகளில் கற்றுக்கொடுத்தபோது சொந்தக் குரல், கொஞ்சம் நிழற்படங்கள், சில நிமிடங்கள் என்றுதான் வைத்துக்கொண்டார்கள். உனக்கும் அது போதும். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசு, செய்தி வாசிக்காதே. வயல்வெளியில் பதிந்தால் காற்றின் இரைச்சலில் குரல் கேட்காது. படத்தை வெளியில் எடு, குரலை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய். யாரைப் படமெடுப்பதானாலும் முதலில் அனுமதி கேள். ஏதாவது செயலியிடம் எழுதித் தரச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். உங்கள் ஊர் மதகை அது பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் லஸ்கருக்குப் போட்டுக் காட்டு. பிழை இருந்தால் அவர் சொல்வார். திருத்திவிட்டு எனக்கும் அனுப்பு.