முகத்துக்கு எதைப் பூசுகிறோம்?



நிக்காஹ் பேச்சு தொடங்கிய வீடுகளில், "பெண்ணின் முகம் கொஞ்சம் வெளுக்கட்டும்" என்று ஒரு க்ரீம் வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. பயணத்திலிருந்து வருவோரின் பெட்டியில் ஒன்று, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கியது ஒன்று என வந்து சேர்கிறது. இது சிறுநீரகம் வரை பாதிக்கக்கூடியது என்பதால் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

மலப்புறத்தில் நடந்தது

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்நோயின் அரிதான பிரிவு ஒன்று காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். காரணம் அதிலிருந்த பாதரசம். க்ரீமை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினார்கள்.

பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. அதனால் முகம் விரைவில் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் சேர்கிறது. பூசியவரின் துண்டு வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும். நம் நாட்டின் 2020 அழகுசாதன விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்துள்ளன. ஆகவே தயாரிப்பாளர் முகவரி, தொகுப்பு எண், சேர்மானப் பட்டியல் இல்லாத எந்த டப்பாவும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

ஸ்டீராய்டு களிம்பு

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே பூச வேண்டிய மருந்து. தினமும் முகத்தில் பூசினால் முதலில் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், பூனைமுடி வளரும். நிறுத்தினால் எரியும் என்பதால் பலர் மீண்டும் அதையே பூசுகிறார்கள். ஏற்கெனவே பூசி வருவோர் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி நிறுத்துவது நல்லது.

அன்றாடக் கவனிப்பு

பரு: ஐவேளை ஒளுவுக்குத் தண்ணீர் போதும். சோப்பு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கிள்ளினால் தழும்பாகும். தலை எண்ணெய் நெற்றியில் வழியாமல் பாருங்கள். மருத்துவர் தந்த மருந்து பலன் காட்டச் சில வாரங்களாவது ஆகும். பாதியில் விட வேண்டாம்.

மங்கு: வெயில்தான் இதை வளர்க்கும். குடை, முந்தானை, தொப்பி எதுவாயினும் முகத்துக்கு நிழல் வேண்டும். கர்ப்பத்தில் வரும் மங்கு பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானே மங்கும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த க்ரீமும் பூசக் கூடாது.

குழந்தைகளின் வெளிறிய திட்டு: "வயிற்றில் பூச்சி" என்பார்கள். பெரும்பாலும் அது வறண்ட தோல்தான். குளித்த ஈரம் காயும் முன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். மாத்திரை அரசு மருத்துவமனைகளில் இலவசம், 6 அல்லது 12 மாதங்களில் குணமாகும். வெளுக்கும் க்ரீம் பூசியவருக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். கல்வராயன் மலையில் உள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். தோல் மருத்துவருக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல். நிறத்தால் ஒருவருக்கு மேல் ஒருவருக்குச் சிறப்பில்லை என்பதை நபி (ஸல்) அவர்கள் இறுதிப் பேருரையிலேயே நமக்குக் கற்றுத் தந்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போகும் நாம் நிறத்தைக் கேட்காதிருந்தால், நம் பெண்களும் அந்த டப்பாவைத் தேட மாட்டார்கள். இன்று இரவே அலமாரியைத் திறந்து, உள்ளதை எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.